விழுது தாங்கும் நிழலில் ஓர் அரை நாள்!

'தினமும் அரை மணி நேரம் நடக்கணும்.'

டாக்டர் சீட்டில் மாத்திரைகளுக்குக் கீழே கடைசி வரியாக இது இருக்கும். மாத்திரையை மறக்காமல் வாங்குவோம். இந்தக் கடைசி வரியை மட்டும் யாரும் வாங்குவதில்லை! உங்கள் வீட்டில் எப்படி? எங்கள் வீட்டில் ஒன்றேகால் வருஷம் அந்தச் சீட்டு ஃபிரிட்ஜ் மேலேயேதான் கிடந்தது.

சீட்டுக்குச் சொந்தக்காரர் என் மாமியார். நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். எங்களுக்குக் காஞ்சிபுரம். மாமா குழித்தறியில் நாற்பது வருஷத்துக்கு மேல் பட்டு நெய்தவர். பக்கத்தில் ராட்டையைப் போட்டுக்கொண்டு தார் சுற்றுவது அத்தை வேலை. அவர் தறிக்குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார, இவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார... அப்படியே போனது வாழ்க்கை. 2017 ஐப்பசியில் மாமா தவறிப் போனார். அன்றிலிருந்து ராட்டை மூலைக்குப் போனது. அத்தையும் ஒரு மூலைக்குப் போய்விட்டார்.

முட்டி வலி ஏற்கெனவே உண்டு. போதாக்குறைக்குச் சர்க்கரையும் ஏறிக்கொண்டே போனது. 'நடங்கம்மா' என்றார் டாக்டர்.

"தெருவுல போய் சும்மா நடக்கிறதா? யாராவது பார்த்தா என்னா நினைப்பாங்க? வண்டி மேல ஏத்திட்டுப் போயிடுவான்..." என்பார் அத்தை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முகூர்த்த நாளில் எங்கள் ஊர்த் தெருக்களில் புடவை வாங்க வரும் கார்களுக்கு நடுவே நடக்கிறவர்களுக்கு நிஜமாகவே இடம் கிடையாது.

ஒருநாள் என் வீட்டுக்காரர்தான் சொன்னார். "அம்மாவை நடக்கச் சொல்லிக்கிட்டே இருக்கோம். எங்கே நடக்கணும்னு நாம காட்டவே இல்லையே?"

சுருக்கென்றது. 2019 ஜனவரியில், பொங்கல் கழிந்த சனிக்கிழமை, அத்தையைக் கூட்டிக்கொண்டு சென்னை அடையாறில் இருக்கும் பிரம்மஞான சபைத் தோட்டத்துக்குப் போனோம். அந்த அரை நாளைப் பற்றித்தான் உங்களிடம் சொல்லப் போகிறேன். கூடவே, வயதானவர்களையும் நோயாளிகளையும் இப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போகும்போது என்னென்ன பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதையும்!

பட்டணத்துக்கு வெளியே ஒரு தோட்ட வீடு

முதலில் இடத்தைப் பற்றித் தெரிந்துகொள்ளுங்கள். கதை தெரிந்தால்தானே பார்க்கும்போது ருசிக்கும்!

கம்பெனிக்காரர்கள் காலத்து மதராசில், கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த வெள்ளைக்கார அதிகாரிகளும் வியாபாரிகளும், கையில் காசு சேர்ந்ததும் ஊருக்கு வெளியே ஏக்கர் கணக்கில் நிலம் வாங்கி, நடுவில் பங்களா கட்டி, சுற்றிலும் மரம் வைத்து வாழ ஆரம்பித்தார்கள். 'கார்டன் ஹவுஸ்' என்று அதற்குப் பெயர். நம் மொழியில் தோட்ட வீடு. அப்படி அடையாறு ஆற்றின் தென்கரையில், ஆறு கடலில் கலக்கிற இடத்துக்குக் கிட்டத்தில் இருந்ததுதான் 'ஹடில்ஸ்டன் கார்டன்ஸ்'.

பிரம்மஞான சபையை 1875-ல் அமெரிக்காவின் நியூயார்க் நகரத்தில் ஆரம்பித்தவர்களில் முக்கியமான இருவர், ரஷ்யாவில் பிறந்த பிளாவட்ஸ்கி அம்மையாரும் அமெரிக்கரான கர்னல் ஆல்காட்டும். 1879-ல் பம்பாய் வந்து இறங்கினார்கள். சபைக்கு நிரந்தரமாக ஓர் இடம் தேடி, 1882-ல் இந்தத் தோட்ட வீட்டை வாங்கினார்கள். அன்றைக்கு 27 ஏக்கர். பிறகு அக்கம்பக்கத்துத் தோட்டங்களையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டே போக, இன்றைக்கு இருநூற்றைம்பது ஏக்கருக்கு மேல் விரிந்து கிடக்கிறது. 1907 முதல் 1933 வரை சபைக்குத் தலைவராக இருந்தவர் நம் எல்லோருக்கும் பாடப் புத்தகத்தில் தெரிந்த அன்னி பெசன்ட் அம்மையார்.

இந்த மரங்களுக்கு நடுவே நடந்த சங்கதிகள் ஒன்றா, இரண்டா? 1886-ல் ஆல்காட் ஆரம்பித்த அடையாறு நூலகம் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளைச் சேர்த்துக் காப்பாற்றியது. ருக்மிணி தேவி 1935-ல் சபையின் வைர விழா சமயத்தில் இந்த வளாகத்தில்தான் முதன்முதலாகப் பரதம் ஆடினார். குடும்பப் பெண் மேடையேறி ஆடுவதா என்று ஊரே முணுமுணுத்த காலம் அது! அடுத்த வருஷமே, 1936-ல், கலாக்ஷேத்ரா பிறந்தது. குழந்தைக் கல்விக்குப் பெயர் போன மரியா மாண்டிசோரி 1939-ல் இங்கே வந்து, நம் ஊர் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 'எங்க பாப்பா மாண்டிசோரி ஸ்கூல்ல படிக்கிறா' என்று இன்று பெருமையாகச் சொல்கிறோமே, நம் நாட்டில் அது வேர் பிடித்ததில் இந்தத் தோட்டத்துக்கும் பங்கு உண்டு.

காஞ்சிபுரத்துக்காரியாக நான் சொல்லியே ஆக வேண்டிய ஒன்றும் இருக்கிறது. ருக்மிணி தேவி நாட்டியத்தோடு நிற்கவில்லை. கலாக்ஷேத்ராவில் தறி போட்டு, பழைய காஞ்சிப் பட்டின் அகலக் கரைகளையும் கோயில் கோபுரக் கரைகளையும் மறுபடி நெய்ய வைத்தார். இதைப் போகிற வழியில் சொன்னபோதுதான் அத்தை முதல் தடவையாகத் தலையைத் திருப்பிப் பார்த்தார். "கோபுரக் கரையா? உங்க மாமா போட்டிருக்காரே..." என்றார். அதற்குமேல் பேசவில்லை. ஆனால், முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பெரிய மரம் எங்கேடா?"

நாங்கள் போன சமயத்தில் காலையில் கொஞ்ச நேரம், மதியத்துக்கு மேல் கொஞ்ச நேரம் என்றுதான் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். சைதாப்பேட்டையில் சொந்தக்காரர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணிக்கு வாசலில் நின்றோம். உள்ளே சாப்பிடக் கூடாது, சத்தம் போடக் கூடாது, பூ பறிக்கக் கூடாது. என் பையனுக்கு இதெல்லாம் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால், வாசலைத் தாண்டி நூறு அடி நடந்ததும் அவனே வாயை மூடிக்கொண்டான். பின்னால் ஹாரன் சத்தம் தேய்ந்து போய், கிளி கத்துவது மட்டும் கேட்டது. சென்னைக்குள்தான் இருக்கிறோமா என்று சந்தேகமே வந்துவிடும்!

இரண்டு பக்கமும் மரங்கள் கைகோத்துக்கொண்ட மாதிரி நிழல் பாதை. மேடு பள்ளம் கிடையாது. படிக்கட்டு ஏற வேண்டியதில்லை. அத்தை ஐந்து நிமிஷம் நடப்பார். நிற்பார். மறுபடி நடப்பார். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. வழியில் ஓர் இந்துக் கோயில், ஒரு புத்தர் சன்னிதி, ஒரு தேவாலயம், ஒரு மசூதி, பார்சிகளுக்கு ஒரு கோயில் என்று எல்லா மதத்துக்கும் சின்னச் சின்னதாக வழிபாட்டு இடங்கள். "எல்லா சாமியும் ஒரே தோட்டத்துல குடியிருக்கா? வாடகை இல்லாம!" என்றார் அத்தை. அவர் ஜோக் அடித்துக் கேட்டு எத்தனை மாசம் ஆயிற்று என்று எனக்குக் கணக்குப் பார்க்கத் தோன்றியது.

கடைசியில் அந்த ஆலமரம்.

நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். வயது சுமார் நானூற்றைம்பது என்கிறார்கள். அன்னி பெசன்ட் காலத்திலிருந்து இதன் நிழலில் எத்தனையோ கூட்டங்கள் நடந்திருக்கின்றன. கிட்டத்தட்ட ஒரு ஏக்கர் பரப்புக்கு நிழல். எங்கே பார்த்தாலும் விழுது. தூண் தூணாக இறங்கி, ஆயிரங்கால் மண்டபத்துக்குள் நுழைந்த மாதிரி இருந்தது.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார். "எல்லாம் விழுதா இருக்கே... பெரிய மரம் எங்கேடா?" என்று மகனைக் கேட்டார்.

பக்கத்தில் நின்றிருந்த காவலாளி பதில் சொன்னார். "தாய் மரம் 1989 புயல்லேயே சாஞ்சிடுச்சும்மா. எழுப்பி நிறுத்தப் பார்த்தாங்க. பிழைக்கலை. இப்ப நீங்க பார்க்கிறது பூரா விழுதுங்கதான். அதுங்கதான் மரத்தைத் தாங்கி நிக்குது. 2016 வார்தா புயல்ல தோட்டத்துல ஏகப்பட்ட மரம் போச்சு. இது நின்னுடுச்சு."

அத்தை ஒன்றும் சொல்லவில்லை. அங்கேயே ரொம்ப நேரம் நின்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். எங்களுக்குப் பயமாகிவிட்டது. அழைத்து வந்தது தப்போ என்றுகூட நினைத்தேன். பிறகு பேரன் தலையில் கையை வைத்தபடி, "இன்னும் கொஞ்சம் நடக்கலாமா, கண்ணு?" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. நான் கூட்டிச் சொல்லவில்லை.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை, தாவரப் பாடம்தான். ஆலமரத்தின் கிளைகளிலிருந்து இறங்குகிற விழுது, மண்ணைத் தொட்டதும் வேர் பிடித்து, கொஞ்ச வருஷத்தில் தனி அடிமரமாகவே தடித்துவிடும். கிளைக்குத் தண்ணீரும் சத்தும் அதன் வழியாகவே போக ஆரம்பித்துவிடும். அதனால்தான் நடுமரம் போனாலும் மரம் சாவதில்லை. கல்கத்தா தாவரவியல் தோட்டத்தில் இருக்கும் பிரம்மாண்டமான ஆலமரத்துக்கும் இதே கதைதான். பூஞ்சான் நோய் தாக்கியதால் 1925-ல் அதன் நடுமரத்தையே வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் அது பரந்து வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது.

மரத்தைப் பார்த்தால் வலி குறையுமா?

'இதெல்லாம் மனப் பிரமை' என்று நீங்கள் நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், ஆராய்ச்சிக்காரர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள்.

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1972 முதல் 1981 வரை பித்தப்பை ஆபரேஷன் செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்பவர் எடுத்துப் பார்த்தார். ஒரே மாதிரி ஆபரேஷன், ஒரே மாதிரி அறை. ஒரே ஒரு வித்தியாசம், சில ஜன்னல்களுக்கு வெளியே மரங்கள், சில ஜன்னல்களுக்கு வெளியே செங்கல் சுவர். ஒருவருக்கொருவர் பொருத்தமான 23 ஜோடி நோயாளிகளை ஒப்பிட்டார். மரம் தெரிகிற அறையில் இருந்தவர்கள் சராசரியில் முக்கால் நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போயிருந்தார்கள். வலுவான வலி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டிருந்தன. 1984-ல் இது வெளியானது. சின்ன ஆய்வுதான். ஆனாலும், அதற்கப்புறம் ஆஸ்பத்திரி கட்டுகிறவர்கள் தோட்டத்தைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஜப்பானில் 1982-லேயே அரசாங்க வனத்துறை, 'காட்டுக் குளியல்' என்று ஒரு பழக்கத்துக்குப் பெயர் வைத்து மக்களை அழைத்தது. குளியல் என்றதும் சோப்பு, துண்டு எடுத்துக்கொள்ளாதீர்கள்! மரங்களுக்கு நடுவே அவசரமில்லாமல் நடப்பது, உட்காருவது, மூச்சு விடுவது... இதுதான் குளியல்.

இங்கிலாந்துக் கதை இன்னும் சுவாரஸ்யம். அங்கே வீடு வீடாகப் போய் நோயாளிகளைக் கவனிக்கிற நர்ஸ்களுக்குப் பணம் திரட்ட, 1927-ல் ஒரு யோசனை செய்தார்கள். பெரிய எஸ்டேட்காரர்களும் பங்களாக்காரர்களும் தங்கள் தோட்டக் கதவைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டியது, தலைக்கு ஒரு ஷில்லிங் கட்டணம். முதல் வருஷமே 609 தோட்டங்கள் திறந்தன! பூப் பார்க்கக் கொடுத்த காசு, யாரோ ஒரு பாட்டியின் புண்ணுக்குக் கட்டுப் போடப் போயிற்று. தோட்டத்துக்கும் வைத்தியத்துக்கும் உறவு அவ்வளவு பழசு.

ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தைப் பார்த்தால் சர்க்கரை வியாதி போய்விடும் என்று நான் சொல்லவில்லை. மாத்திரை மாத்திரைதான். நடக்க மனசு வர வேண்டுமே, அந்த முதல் அடிக்குத்தான் தோட்டம் கை கொடுக்கும்.

கிளம்பும் முன் கவனிக்க...

வீட்டிலேயே யாருடைய கால் பலவீனமோ, அந்தக் காலை வைத்துத்தான் பயணத் திட்டம் போட வேண்டும். இதுதான் முதல் விதி. மற்றவர்களுக்கு ஏற்றபடி திட்டம் போட்டுவிட்டு, 'அம்மா கார்லயே உட்கார்ந்திருக்கட்டும்' என்றால் அதற்கு அவர் வீட்டிலேயே இருந்திருப்பார்!

நேரத்தை விசாரியுங்கள்: இது தனியார் சபைக்குச் சொந்தமான இடம். பார்வையாளர்களை எப்போது அனுமதிப்பது என்பது அவர்கள் முடிவு. நாள், நேரம், விதிகள் எல்லாம் அவ்வப்போது மாறுவதுண்டு. 2020 கொரோனா சமயத்தில் கதவை மூடியதும் உண்டு. கிளம்புவதற்கு முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். வயதானவரை எழுபத்தைந்து கிலோமீட்டர் அழைத்துப் போய் வாசலோடு திரும்புவதைப் போலக் கொடுமை வேறு இல்லை.

எப்படிப் போவது? காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்னை கடற்கரை போகும் மின்சார ரயிலில் கிண்டியில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்கலாம். ஒரு விஷயம், இந்த ரயிலில் பாத்ரூம் கிடையாது. சர்க்கரைக்காரர்களுக்கும் வயதானவர்களுக்கும் அடிக்கடி போக வேண்டியிருக்கும் என்பதால், ஏறும் முன்பே போய் வந்துவிடச் சொல்லுங்கள். 'வழியில் எங்கே போறது' என்று பயந்துகொண்டே நம் வீட்டுப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்கள். அது இன்னும் ஆபத்து. தலைசுற்றல், நீர்க்கடுப்பு எல்லாம் அதிலிருந்து ஆரம்பிக்கும். வழியில் சொந்தக்காரர் வீடு, நல்ல ஓட்டல் என்று இரண்டு இடத்தை மனசில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். தயக்கமே இருக்காது.

எப்போது போவது? டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை உத்தமம். சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். மழை விட்ட மறுநாளும் வேண்டாம், பாதையில் இலை அழுகி வழுக்கும்.

சர்க்கரை இருப்பவர்களுக்கு: 'ஊருக்குப் போறோம்' என்று வேளைச் சாப்பாட்டைத் தள்ளிப் போடாதீர்கள். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சர்க்கரையை இறக்குகிற சில மாத்திரைகள் சாப்பிடுபவர்களுக்கும் நடக்கும்போது திடீரென்று சர்க்கரை தாழ்ந்து போகலாம். வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும், படபடவென்று வரும், பேச்சு தடுமாறும். உடனே உட்கார வைத்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையோ குளுக்கோஸோ தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், நேரே ஆஸ்பத்திரிதான். உள்ளே சாப்பிடக் கூடாது என்பது விதியாக இருந்தாலும், மருந்துக்கு என்று பையில் ஒரு பொட்டலம் சர்க்கரை இருக்கட்டும். வாசலிலேயே சொல்லிவிட்டால் பிரச்னை இல்லை.

காலணி: புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வராதீர்கள். பழகிய, பின்பக்கம் வார் உள்ள செருப்போ, கான்வாஸ் ஷூவோ நல்லது. சர்க்கரை உள்ளவர்கள் வீடு திரும்பியதும் பாதத்தை விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். உணர்ச்சி குறைந்த காலில் முள் குத்தினாலும் கொப்புளம் வந்தாலும் தெரியவே தெரியாது.

முட்டி வலிக்காரர்களுக்கு: பத்து நிமிஷம் நடை, ஐந்து நிமிஷம் உட்காருதல். கைத்தடி பிடிக்கக் கூச்சப்பட வேண்டாம். வலி இருக்கிற முட்டிக்கு எதிர்ப்பக்கக் கையில் தடியைப் பிடிக்க வேண்டும். நிறையப் பேர் தப்பாகத்தான் பிடிக்கிறோம்! நடக்கும்போது லேசாக வலித்தால் வேகத்தைக் குறையுங்கள். முட்டி வீங்கினாலோ, வலி மறுநாளும் விடாமல் இருந்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள்.

தண்ணீர்: தாகம் எடுக்கும் வரை காத்திருக்காமல் அவ்வப்போது இரண்டு மடக்கு குடிக்கலாம். இதயம், சிறுநீரகப் பிரச்னை உள்ளவர்கள் மட்டும் டாக்டர் சொன்ன அளவை மீறக் கூடாது.

மார்பில் பாரம், இடது கை வலி, தாங்க முடியாத மூச்சிரைப்பு... இதில் எது வந்தாலும் 'கேஸ் ட்ரபிள்' என்று சோடா தேடாதீர்கள். நடையை அங்கேயே நிறுத்தி, நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஆஸ்துமா உள்ளவர்கள் இன்ஹேலரை எடுத்துக்கொள்ளாமல் கிளம்பவே கூடாது.

குழந்தைகளுக்கு: 'சும்மா இரு' என்று அதட்டாமல் ஒரு வேலை கொடுத்துவிடுங்கள். விழுந்து கிடக்கும் இலைகளில் எத்தனை வடிவம், எத்தனை பறவைச் சத்தம் என்று எண்ணச் சொல்லலாம். என் பையன் கணக்கில் பதினொரு சத்தம். அதில் ஒன்று பாட்டியின் இருமல்!

மரத்தைத் தொடாமல், ஊஞ்சல் ஆடாமல் பார்த்துக்கொள்வது பெரியவர்கள் பொறுப்பு. விழுதில் பெயர் செதுக்குகிற புண்ணியவான்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். பட்டையைச் செதுக்குவது நம் தோலை உரிப்பதற்குச் சமம்.

ஊர் திரும்பிய பிறகு...

ஒரு நாள் தோட்டம் பார்த்துவிட்டு வந்தால் போதுமா? போதாது. வாரத்துக்கு 150 நிமிஷ நடை வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதாவது அரை மணி வீதம் ஐந்து நாள். மொத்தமாக முடியாவிட்டால் காலையில் கால் மணி, மாலையில் கால் மணி என்று பிரித்துக்கொள்ளலாம். அதற்குத் தினம் அடையாறு போக முடியுமா என்ன?

அத்தைதான் வழி கண்டுபிடித்தார். மறுநாள் சாயங்காலம், "ஏம்மா, ஏகாம்பரநாதர் கோயில் பிராகாரமும் அந்தத் தோட்டம் மாதிரி அகலமாத்தானே இருக்கு? நடந்தா யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. சாமி கும்பிடுறான்னு நினைச்சுப்பாங்க!" என்றார்.

பாருங்களேன், எத்தனை வருஷமாகக் கண்ணெதிரே இருந்த இடம்! எங்கள் ஊர்க் கோயில் பிராகாரங்கள் ஒவ்வொன்றும் ஒரு மைதானம். ஏகாம்பரநாதர் கோயில் தல விருட்சமான மாமரத்தைச் சுற்றி வந்து வேண்டிக்கொள்வது தலைமுறை தலைமுறையாக இருக்கிற வழக்கம். நான்கு கிளையும் நான்கு ருசியில் பழம் தரும் என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். மூவாயிரத்து ஐந்நூறு வருஷத்து மரம் என்பது ஐதீகம். சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலும் அப்படித்தான், ஒரு சுற்றுக்கே கால் விட்டுப் போகும். அந்தப் பெருமாளுக்குத் திருக்கச்சி நம்பிகள் பூந்தமல்லியில் நந்தவனம் வைத்துப் பூக்கொண்டு வந்தார் என்பது வைணவர்கள் போற்றும் வரலாறு. பூ எடுத்துக்கொண்டு அத்தனை தூரம்! நாம் அரை மணி நடக்க மாட்டோமா?

கோயிலில் நடக்கிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. வெறுங்காலோடுதானே போக வேண்டும்? சர்க்கரையால் பாதத்தில் மரமரப்பு உள்ளவர்கள் வெயில் ஏறிய கல்லில் கால் வைக்கவே கூடாது. சூடு தெரியாமலேயே கொப்புளித்துவிடும். காலையில் சீக்கிரமோ, பொழுது சாய்ந்த பிறகோ போங்கள். தடிமனான பருத்தி சாக்ஸ் போட்டுக்கொள்ளலாமா என்று கோயிலில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்ததும் காலைக் கழுவி, விரல் இடுக்கைத் துடைத்துவிட வேண்டும்.

அத்தை முதல் வாரம் ஒரு சுற்று, பிறகு இரண்டு சுற்று என்று ஏற்றிக்கொண்டே போனார். தெருவில் இன்னும் மூன்று பேர் சேர்ந்துகொண்டார்கள். எல்லோரும் ராட்டை சுற்றி முட்டி தேய்ந்தவர்கள்! மாத்திரை நிற்கவில்லை, முட்டி வலியும் முழுதாகப் போகவில்லை. ஆனால், நாலு மாசம் கழித்து ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர், மாத்திரையைக் கூட்ட வேண்டாம் என்றார். அத்தைக்கு இதைவிடப் பெரிய சேதி வேறொன்று. மூலையில் கிடந்த ராட்டையைத் துடைத்து, பேரனை உட்கார வைத்து, தார் சுற்றுவது எப்படி என்று சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார். தரையில் உட்காரவில்லை, நாற்காலி போட்டுக்கொண்டுதான்!

உங்கள் வீட்டிலும் ஃபிரிட்ஜ் மேல் ஒரு சீட்டு கிடக்கலாம். அம்மாவோ, அப்பாவோ, மாமியாரோ, மூலையில் உட்கார்ந்தபடியே நாளைக் கடத்துகிறவர் யாராவது இருக்கலாம். 'நடங்க, நடங்க' என்று இனி சொல்லாதீர்கள். அடுத்த வாரம் ஒரு நாளை ஒதுக்குங்கள். அடையாறு ஆலமரமோ, உங்கள் ஊர் அரசமரமோ, எதுவானாலும் சரி, கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

தாய் மரம் போன பிறகும் தோட்டத்தில் நிழல் இருக்கிறது. தாங்குவதற்கு விழுதுகள் இருக்கின்றன. நம் வீட்டுப் பெரியவர்களுக்கு நாம்தானே விழுது?